சொந்த ஊர்ப் பிள்ளைகளை நம்பி அணி கட்டலாமா? – விளையாட்டு வாசகர் கேள்வி பதில்

கடந்த இரண்டு மாதங்களில் இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களுள் பல, வெவ்வேறு ஒழுங்கைகளால் நடந்து வந்தாலும், கடைசியில் ஒரே முற்றத்தில் வந்து நின்றன. ஒரு கல்லூரி அணி தன் சுற்றாடலில் வளர்ந்த பிள்ளைகளையே நம்பியிருக்க வேண்டுமா, அல்லது திறமையானவர்களை எங்கிருந்தாவது அழைத்து வர வேண்டுமா என்பதே அவற்றின் உள்ளடக்கம். எனவே இம்முறை வேறு கேள்விகளை ஒத்திவைத்து, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணாவின் மகன் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அங்குள்ள ‘ஃபுட்போல்’ அணியைப் பற்றித்தான் கதை. “எங்கள் ஊர்ப் பையன்கள் ஆடிய காலத்தில் வென்றோம், இப்போது எங்கிருந்தெல்லாமோ கொண்டு வருகிறார்கள், தோற்கிறோம்” என்று அங்குள்ள முதியவர்கள் வருந்துகிறார்களாம். இது உண்மையா, அல்லது பழங்காலத்தை நினைத்து ஏங்கும் பேச்சா? – ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அவர்கள் ‘ஃபுட்போல்’ என்று சொல்வது நாம் சுகததாச அரங்கில் பார்க்கும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், 100 யார் நீளமான களத்தில் பக்கத்துக்கு 11 பேராக ஆடும் அந்த விளையாட்டு நமது றக்பிக்குத்தான் நெருங்கிய உறவு. குழப்பம் வராமல் இருக்க அதை அமெரிக்கக் கால்பந்து என்றே எழுதுகிறேன்.

அந்த முதியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி நாம் நின்று பார்க்க வேண்டிய உண்மை. நெப்ராஸ்கா பரப்பளவில் இலங்கையைப் போல மூன்று மடங்கு பெரியது; ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் 20 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு, அதாவது நமது கொழும்பு மாவட்டத்தில் இருப்பவர்களைவிடக் குறைவு. சோளமும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த அந்த மாநிலத்தின் பல்கலைக்கழக அணி, டொம் ஒஸ்போர்ன் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த காலத்தில், 1994, 1995, 1997 ஆகிய மூன்று பருவங்களில் தேசியப் பட்டத்தை வென்றது. மூன்றாவதை மிச்சிகனுடன் பகிர்ந்துகொண்டது. டெக்ஸாஸ், புளோரிடா, கலிபோர்னியா போன்ற, வீரர்கள் கொத்துக் கொத்தாய் விளையும் மாநிலங்களுடன் இவர்கள் எப்படிப் போட்டியிட்டார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்கான விடையின் பெரும்பகுதி ‘வோக்-ஓன்’ என்று அங்கு அழைக்கப்படும் மாணவர்களிடம் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல்நிலை அணிகள் நீண்ட காலமாக 85 பேருக்கு மட்டுமே விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்கலாம் என்ற வரம்புக்குள் இயங்கின. அந்த வரம்புக்கு வெளியே, புலமைப்பரிசில் எதுவுமின்றித் தன் செலவில் படித்துக்கொண்டே, பயிற்சிக்குத் தானாக வந்து நிற்பவன்தான் வோக்-ஓன். நெப்ராஸ்காவின் சிற்றூர்களில் பிறந்து, அந்தச் சிவப்புச் சட்டையை அணிவதையே சிறு வயதுக் கனவாகக் கொண்டிருந்த பையன்கள், வேறு சிறிய கல்லூரிகள் முழுப் பணத்தையும் தர முன்வந்தபோதும் அதை விட்டுவிட்டு இங்கு வந்து வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சொந்த மாநிலத்து மாணவருக்கு அரச பல்கலைக்கழகக் கட்டணம் வெளிமாநிலத்தவரைவிடக் குறைவு என்பதும் இதற்கு உதவியது, ஏனெனில் வெளியிலிருந்து வருபவனுக்கு இவ்வாறு காத்திருப்பது குடும்பத்தைக் கடனாளியாக்கும் செலவாகிவிடும். முதல் இரண்டு வருடங்கள் பயிற்சியில் எதிரணியாக நின்று மோதி, உடலை வளர்த்து, மூன்றாம் நான்காம் வருடத்தில் அணியில் இடம் பிடித்து, பின்னர் புலமைப்பரிசிலும் பெற்றவர்கள் அவர்களுள் இருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளையின் பெரிய பலம் இந்தக் காத்திருக்கும் மனந்தான். முதல் பருவத்தில் ஓரத்தில் இருத்தப்பட்டால் வேறிடம் தேடிப் போகாமல், தகப்பனும் மாமனும் பார்வையாளர் பகுதியில் இருக்கும் அதே மைதானத்தில் அவன் மறுபடியும் வந்து நிற்கிறான்.

இனி மறுபாதி. 1994, 1995 ஆகிய இரு பட்டப் பருவங்களின் கடைசி ஆட்டத்திலும் ‘குவாட்டர்பேக்’ இடத்தில் நின்று, பந்தை முதலில் கையில் வாங்கி, அந்த அணியின் ஆட்டத்தை நடத்திய டொமி பிரேசியர் நெப்ராஸ்காக்காரர் அல்லர். புளோரிடா மாநிலத்தின் பிராடென்டனிலிருந்து அழைத்து வரப்பட்டவர். அவருக்கு முன்னால் நின்று வழி திறந்து கொடுத்த முன்வரிசையில்தான் அந்த மாநிலத்துப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். 1997இல் அதே இடத்தில் ஆடிய ஸ்கொட் ஃபுரோஸ்ட் நெப்ராஸ்காவின் வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், ஆனால் அவரும் முதலில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகே வீடு திரும்பினார். ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஆடிய பொற்காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஊர்ப் பிள்ளைகள் அடித்தளமாக இருந்து, அந்த மண் தராத இரண்டு மூன்று திறமைகளை மட்டும் வெளியிலிருந்து தேடி எடுத்த காலம் ஒன்று இருந்தது.

மருமகனிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அதே ஸ்கொட் ஃபுரோஸ்டை, “எங்கள் பிள்ளை வந்துவிட்டான்” என்ற ஆரவாரத்துடன், 2018ஆம் ஆண்டு பருவத்துக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அழைத்து வந்தார்கள். 16 வெற்றி, 31 தோல்வி என்ற கணக்குடன் 2022 செப்டெம்பரில் அவர் நீக்கப்பட்டார். ஊர்ப் பாசத்தை அணி கட்டும் தொழிலுக்குப் பதிலாக வைக்க முடியாது என்பதற்கு இதைவிட வருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்கப் பயிற்றுவிப்பாளர்கள் புதிதாகப் பதவியேற்கும்போது, மாநிலத்தைச் சுற்றி வேலி போடுவேன், நம் பிள்ளைகளை வெளியே விடமாட்டேன் என்று சொல்வது வழக்கம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதியால் நட்டதோடு வேலை முடிவதில்லை. கிடுகோ பனையோலையோ உக்கிப் போனபின் திரும்பவும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடு உள்ளே வந்துவிடும். சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் போய்வருவதையும், அங்குள்ள பயிற்றுவிப்பாளருடன் உறவைப் பேணுவதையும், 14 வயதுப் பையனின் பெயரை நினைவில் வைத்திருப்பதையும் கைவிட்ட பல்கலைக்கழகம், தன் பிள்ளைகள் வெளியே போகிறார்களே என்று பின்னர் புலம்புவதில் நியாயமில்லை.

கேள்வி: நான் படித்த கொழும்புப் பாடசாலையிலேயே என் மகனும் படிக்கிறான். தரம் 6 முதல் உதைபந்தாட்டப் பயிற்சியைத் தவறவிட்டதில்லை. இந்த வருடம் உயர்தர வகுப்புக்கு வெளிமாவட்டங்களிலிருந்து ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களை நேரே மேற்பிரிவு அணியில் போட்டுவிட்டார்கள். என் மகன் மேலதிக வீரராக ஓரத்தில் இருக்கிறான். பழைய மாணவர் சங்கத்தில் கேட்டால், கிண்ணம் வேண்டாமா என்கிறார்கள். நான் நினைப்பது தவறா? – பழைய மாணவர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: தவறில்லை, ஐயா. ஆனால் உங்கள் கோபம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். வந்த ஐந்து பிள்ளைகளும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மன்னாரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு பிள்ளைக்கு, கொழும்பில் படிப்பும் விடுதியும் பந்தும் தருகிறோம் என்று ஒரு கதவு திறந்தால் அவன் உள்ளே வரத்தான் செய்வான். உங்கள் மகனுக்கு அப்படியொரு கதவு திறந்திருந்தால் நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். மைதானத்தில் அந்தப் பிள்ளைகள் முகம் கோணும்படி ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்தோ மகனின் வாயிலிருந்தோ வந்துவிடக் கூடாது.

கேள்வி கேட்கப்பட வேண்டியது பாடசாலையை. பாடசாலை அணி ஒரு கழகம் அன்று. கழகம் பருவத்துக்குப் பருவம் ஆள் மாற்றலாம், அது அதன் இயல்பு. பாடசாலையோ, தரம் 6 இல் சப்பாத்து நாடா கட்டத் தெரியாமல் வந்தவனை, தோல்வியையும் ஓரத்தில் இருப்பதையும் மழைப் பயிற்சியையும் ஊட்டி, 18 வயதில் ஓர் இளைஞனாக வெளியே அனுப்புவதற்காக அணி வைத்திருக்கிறது. 17 வயதில் முழு ஆட்டக்காரனாக வந்து சேரும் பிள்ளையிடம் அந்தப் பாடசாலை வளர்த்தது என்று சொல்ல அதிகம் இல்லை; வளர்த்தவர் எங்கோ ஒரு கடற்கரை ஊரில், வெயிலில் விசிலுடன் நின்ற ஓர் ஆசிரியர். அவருடைய ஆறு வருட உழைப்பின் பலனை நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருடைய பாடசாலையின் அணி அடுத்த வருடம் உடைந்து போகிறது. “அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை” என்று கல்வி அமைச்சு ஒரு திட்டத்துக்கே பெயர் வைத்த நாட்டில், விளையாட்டில் மட்டும் நேரெதிரான பாதையில் போகிறோம் என்பது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

அதே நேரம் உங்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடம் வந்து நின்றான் என்பது மட்டும் அணியில் இடம் பெறும் உரிமையாகிவிடாது. வந்தவன் தெளிவாகச் சிறந்தவன் என்றால் அவன் ஆடட்டும், உங்கள் மகன் அவனிடம் கற்றுக்கொள்ளட்டும். இருவரும் ஏறத்தாழச் சமம் என்றால், காத்திருந்தவனுக்கே இடம் என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் செய்யாத பாடசாலையில், கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் மேலே பார்த்துவிட்டு, தங்களுக்கு அங்கு இடமில்லை என்று முடிவெடுத்து, 15 வயதிலேயே பந்தை விட்டுவிட்டு தனியார் வகுப்புக்குப் போய்விடுவார்கள். மூன்று வருடம் கழித்து, “எங்களிடம் பிள்ளைகள் இல்லை, அதனால்தான் வெளியிலிருந்து எடுக்கிறோம்” என்று பயிற்றுவிப்பாளர் சொல்லும்போது அது உண்மையாகவே ஆகியிருக்கும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், வந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்காதீர்கள். அது அவர்களைச் சிறுமைப்படுத்தும். 12 வயதுக்குட்பட்ட அணிக்கு எத்தனை பந்துகள் இருக்கின்றன, அந்த அணிக்கென ஒரு பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பயிற்றுவிப்பாளரின் பதவி ஒரே பருவத்துக் கிண்ணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவர் ஆள் தேடத்தான் செய்வார். மூன்று வருட ஒப்பந்தமும், கீழ்ப்பிரிவிலிருந்து எத்தனை பேரை மேலே கொண்டுவந்தார் என்ற கணக்கும் இருந்தால் அவருடைய கண் தானாகவே தரம் 6 பக்கம் திரும்பும்.

கேள்வி: நம்முடைய உதைபந்தாட்டத்தில் உள்ளூர் வீரர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய வெற்றி பெற்ற அணிகள் உண்டா? – மாணவன், தெமட்டகொடை

பதில்: உண்டு தம்பி. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கழகம் பாஸ்க் பிரதேசத்தில் பிறந்த அல்லது அங்கு பயிற்சி பெற்று வளர்ந்த வீரர்களை மட்டுமே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருக்கிறது. அந்நாட்டின் முதற்பிரிவிலிருந்து ஒருமுறையும் கீழே இறங்கியதில்லை. ஆனால் 1984இல் வென்ற அரசர் கிண்ணத்தை மறுபடி வெல்ல அவர்கள் 2024 வரை, நாற்பது ஆண்டுகள், பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்கொட்லாந்தின் செல்டிக் அணியில் அன்று லிஸ்பனில் ஆடிய 11 பேரும் கழகத்தின் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள். கொழும்பிலிருந்து நீர்கொழும்பையும் களுத்துறையையும் உள்ளடக்கி ஒரு வட்டம் போட்டுப் பார், ஏறத்தாழ அவ்வளவுதான்.

கேள்வி: நான் மன்னாரில் வசிக்கிறேன், இந்தப் பத்திரிகையைக் கொழும்பிலுள்ள தங்கை அனுப்பி வைப்பாள். என் மகனுக்கு 16 வயது, நன்றாகப் பந்து விளையாடுவான். கொழும்பில் ஒரு பாடசாலை உயர்தரத்துக்கு வரச் சொல்கிறது. விடுதியும் சாப்பாடும் இலவசம் என்கிறார்கள். அனுப்பலாமா? – ஒரு தாய், மன்னார்

பதில்: அம்மா, மேலே ஒரு தகப்பனுக்கு எழுதிய பதிலைப் பார்த்து, உங்கள் பிள்ளையை வர வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் முன்னேற்றம் பற்றிய உங்கள் ஆசை நியாயமானது.

ஆனால் ஒன்றை முதலில் கேட்க வேண்டும்: என் பிள்ளையின் முழங்கால் முதல் மாதத்திலேயே பழுதடைந்து, இரண்டு வருடமும் பந்தைத் தொட முடியாமல் போனால், அவனுடைய கட்டிலும் சாப்பாடும் வகுப்பறையும் பரீட்சை முடியும்வரை இருக்குமா? இதை அதிபரிடம் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பயிற்றுவிப்பாளரின் வாய்ச்சொல் போதாது, அவர் அடுத்த வருடம் அங்கு இல்லாமல் போகலாம். நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலைக்கு இடது புறத்தில் ஆடும் ஒரு பிள்ளையை வெகு தூரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய அறையில் தங்கியிருந்தான், இரவில் தனியே வானொலி கேட்பான். ஒரு போட்டியில் கால் முறிந்தது. அடுத்த தவணை ஆரம்பித்தபோது அவன் இல்லை, அந்த அறையில் கிரிக்கெட் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எங்கே போனான் என்று எங்களில் ஒருவரும் ஆசிரியர்களிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்ன அமெரிக்கப் புலமைப்பரிசில்கூட, 1973 முதல் பல்லாண்டு காலம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும் ஒன்றாகவே இருந்தது. பல வருடங்களுக்குச் சேர்த்து வாக்குறுதி கொடுக்க விதி இடங்கொடுத்தது 2012இல்தான். அவ்வளவு பணமும் சட்டத்தரணிகளும் உள்ள நாட்டிலேயே, காயப்பட்ட பிள்ளைக்கான பாதுகாப்பு அத்தனை தாமதமாக வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதி முடிக்கட்டும். அவன் படிக்க விரும்பும் பாடப்பிரிவு அந்தப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் இருக்கிறதா என்று பாருங்கள். பந்துக்காக உயிரியலை விட்டுவிட்டுக் கிடைத்த பாடத்தை எடுக்க வைப்பது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போவதால், பாடசாலை மாறிய பிறகு அவன் எந்த மாவட்டத்து மாணவனாகக் கணிக்கப்படுவான் என்பதை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் பார்த்து, இடம் மாறுவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். உங்கள் தங்கை கொழும்பில் இருப்பது பெரிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காவது அவன் அங்கு போய்வர வேண்டும். அவனை இதுவரை வளர்த்த பயிற்றுவிப்பாளரிடம், முடிவெடுத்த பின் அறிவிக்காமல், முடிவெடுக்கும் முன்னரே போய்ப் பேசுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இப்போது கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், விரும்பியபடி பல்கலைக்கழகம் மாறுகிறார்கள் என்று வாசித்தேன். இனி ‘உள்ளூர்ப் பிள்ளை’ என்பதற்கு அர்த்தம் இருக்கிறதா? – வாசகர், தெஹிவளை

பதில்: நீங்கள் வாசித்தது சரி. முன்பு பல்கலைக்கழகம் மாறும் கால்பந்து வீரர் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். 2018 ஒக்டோபரில், மாற விரும்புவோரின் பெயர்களைப் பதியும், பல்கலைக்கழகங்கள் பார்க்கக்கூடிய ஏடு ஒன்று இணையத்தில் திறக்கப்பட்டது. 2021இல் முதல் முறை மாறுபவருக்கு அந்த ஒரு வருடக் காத்திருப்பு நீக்கப்பட்டது. 2024இல் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் ஈட்டலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத் தீர்வின் பின்னர், பல்கலைக்கழகங்களே தங்கள் விளையாட்டு வருமானத்திலிருந்து, முதல் வருடத்தில் ஒவ்வொன்றும் சுமார் 205 இலட்சம் டொலர் வரை, வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். தம் உழைப்பால் கோடிகள் புரளும் அரங்கில் அந்த இளைஞர்களுக்கும் பங்கு கிடைப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

ஆனால் அதே தீர்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. புலமைப்பரிசில் 85 என்ற வரம்புக்குப் பதிலாக, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணியில் மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. அதுவரை 120, 130 பேர் வரை வைத்திருந்த அணிகள் இருந்தன. ஏற்கெனவே அணியில் இருந்து இடம் இழந்தவர்களுக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டாலும், இனி வரும் ஆண்டுகளில் வெளியே நிற்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வோக்-ஓன் பிள்ளைகள்தான், அதாவது சொந்த மாநிலத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள்.

அவர்களால் என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு ஜோர்ஜியாவைக் காட்டுவேன். பிளாக்‌ஷியர் என்ற சிற்றூரில் வளர்ந்த ஸ்டெட்சன் பென்னெட் 2017இல் ஜோர்ஜியா பல்கலைக்கழக அணியில் வோக்-ஓனாகச் சேர்ந்தார். இடம் கிடைக்காமல் மிசிசிப்பியில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் ஒரு பருவம் ஆடிவிட்டுத் திரும்பி வந்தார். 1980க்குப் பின் தேசியப் பட்டத்தைக் காணாதிருந்த அந்த அணி, அவர் ஆட்டத்தை நடத்திய 2021, 2022 பருவங்களில் அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வென்றது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பெயர்போன லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2019 பருவத்துப் பட்டத்தை வென்றது, ஒஹாயோவில் வளர்ந்து அங்கு இடம் கிடைக்காமல் மாறிவந்த ஜோ பரோவின் கையால். மாறும் சுதந்திரம் இல்லாதிருந்தால் அந்த இளைஞனின் திறமை ஓரத்திலேயே இருந்திருக்கும். ஆகவே சுதந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அடித்தளமாக இருக்க வேண்டிய பிள்ளைகளுக்கான இடத்தை எண்ணிக்கையால் வெட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியர். சொந்த மைதானம் இல்லை, பணமும் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி எழுதுவது எளிது; எங்கிருந்து தொடங்குவது? – ஆசிரியர், கொழும்பு 13

பதில்: நியாயமான கேள்வி, ஆசிரியரே. 1979இல் ஹவார்ட் ஷ்னெலன்பேகர் என்பவர் மியாமிப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது, அந்த அணியையே கலைத்துவிடலாமா என்று பல்கலைக்கழகம் யோசித்துக்கொண்டிருந்தது. அவர் நாடு முழுவதும் ஆள் தேடி அலையவில்லை. தென் புளோரிடாவை வரைபடத்தில் ஒரு கோட்டால் பிரித்து, அதற்கு ‘மியாமி மாநிலம்’ என்று தாமே பெயர் வைத்து, பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத ஏழைக் குடியிருப்புகளின் பாடசாலைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். ஐந்தாவது பருவத்தில், 1984 ஜனவரி 2ஆம் திகதி நடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அதுவரை தோல்வியே காணாத நெப்ராஸ்காவை 31–30 என வென்று பட்டம் பெற்றார்கள். அங்கும் ஆட்டத்தை நடத்திய பேர்னி கோசார் ஒஹாயோவிலிருந்து வந்தவர் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்களுக்கும் ஒரு கோடு போதும். புளூமெண்டால், ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகியவற்றை உள்ளடக்கி, ஒரு பிள்ளை பஸ் காசு இல்லாமல் நடந்து வரக்கூடிய தூரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். அந்தத் தொடர்மாடிகளின் கீழும் ஒழுங்கைகளிலும் மாலையில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து விளையாடும் பிள்ளைகள்தான் உங்கள் மாநிலம். மைதானம் இல்லாவிட்டால் நான்கு பேருக்கு நான்கு பேராகச் சிறிய இடத்தில் ஆட விடுங்கள். பந்தைக் கிட்ட வைத்துக்கொள்ளும் பழக்கமும் தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கமும் நெருக்கத்தில்தான் வரும், பெரிய களத்தில் 22 சிறுவர்கள் ஒரே பந்தைத் துரத்தும்போது வராது. வாரத்தில் இரண்டு நாள் போதும், ஆனால் அந்த இரண்டு நாளும் மழையானாலும் பரீட்சையானாலும் நடக்க வேண்டும். கொழும்பு மாநகர சபையின் விளையாட்டுத் திடல்களில் காலை நேரம் கேட்டு அதிபரின் கடிதத்துடன் விண்ணப்பியுங்கள்.

உயரத்தையும் வேகத்தையும் பார்த்து 11 வயதில் எவரையும் ஒதுக்காதீர்கள். அந்த வயதில் பெரியவனாகத் தெரிபவன் பல நேரங்களில் மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்துவிட்டவன் மட்டுமே. தெரிந்தவர் பிள்ளை, பழைய மாணவர் பிள்ளை என்ற காரணத்துக்காக எவரையும் உள்ளே எடுக்கவும் வேண்டாம். உள்ளூரை நம்பும் அணிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த வழியால்தான்.

ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளையின் பெயர், வீடு, பிறந்த திகதி, எந்தக் காலால் உதைக்கிறான், வீட்டில் யார் இருக்கிறார்கள், பயிற்சிக்கு வராத நாளில் ஏன் வரவில்லை என்பவற்றை எழுதுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்தக் கிழமையே ஒருமுறை நடந்து போங்கள். இடமாற்றம் வந்தால் அந்தக் கொப்பியை அடுத்து வரும் ஆசிரியரின் கையில் நேரடியாகக் கொடுங்கள். உங்கள் முகவரியை எழுதி அனுப்பினால், என்னிடமுள்ள, காற்றடித்தால் இன்னும் பாவிக்கக்கூடிய ஆறு பந்துகளை அடுத்த மாதமே கொண்டுவந்து தருகிறேன்.